கோடு அறுந்த இடம்

எரு கொட்டி வைத்திருந்த இடத்தில் அடுத்த போகம் பயிர் கருகருவென்று எழும்பும். ஆட்டுக்கிடை போட்ட மூலையை, ஆடுகள் வேறு ஊர் போய் ஆறு மாதம் ஆன பிறகும் வரப்பில் நின்றே காட்டிவிடலாம். தூர்ந்துபோன கிணற்றின் மேல் விதைத்த சோளம், சுற்றியிருக்கும் சோளமெல்லாம் சுருண்டு நிற்கும்போது தான் மட்டும் தழைந்து நிற்கும். காட்டோடு பழகியவர்களுக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. ஆறு மாதம் என்பதை மூவாயிரம் வருஷம் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். மழை பொய்த்த கோடைகளில் இங்கிலாந்தின் தெற்கு, கிழக்கு வயல்களில் நடப்பது அதுதான்.

அப்படி எடுத்த படம் ஒன்று என் முன்னால் இருக்கிறது. சிறு விமானத்தைச் சாய்த்து, ஜன்னல் வழியே பக்கவாட்டில் எடுத்தது. ஜூன் கடைசி, சாயங்கால வெயில். பார்லி முக்கால்வாசி பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த மஞ்சளுக்குள் பச்சைக் கோடுகள். இரண்டு கோடுகள் தண்டவாளம்போல் சேர்ந்தே வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகின்றன. அவற்றிலிருந்து இருபுறமும் செங்குத்தாகக் கிளைகள் பிரிந்து நீள்சதுரங்களாக நிலத்தைப் பகுக்கின்றன. ஓரத்தில் இன்றைய உயிர்வேலி இருக்கிறது. கோடுகள் அதை மதிக்கவே இல்லை. அடியில் நுழைந்து பக்கத்து வயலுக்குப் போய்விடுகின்றன. அங்கே உருளைக்கிழங்கு. கோடுகள் மறைகின்றன. அதற்கும் அப்பால் கோதுமை. மறுபடி வெளியே வருகின்றன, ஒரு பாகைகூடத் திசை பிசகாமல்.

படத்தைக் கண்ணருகே கொண்டுவந்தால், அவை அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள் அல்ல என்று தெரிகிறது. ஓர் இடத்தில் மெலிகின்றன. இன்னோர் இடத்தில் புடைக்கின்றன. இரண்டு கோடுகள் கூடும் இடத்தில் மை ஊறியதுபோல் ஒரு திட்டு. நடுவில் லேசான ஒரு நெளிவு: பள்ளம் வெட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அங்கே ஒரு மரம் குறுக்கே நின்றிருக்கலாம், அல்லது இந்தப் பக்கமிருந்து வெட்டி வந்தவர்களும் அந்தப் பக்கமிருந்து வந்தவர்களும் சந்தித்த இடமாக இருக்கலாம். பிறகு, நீள்சதுரத்தின் ஒரு மூலையில், கோடு திடீரென்று நின்றுவிடுகிறது. நாலு எட்டு வைக்கும் தூரத்துக்கு வெறும் மஞ்சள். அதன் பிறகு கோடு பழையபடி தொடர்கிறது. இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கோடுகளை அல்ல, அந்த இடைவெளியைத்தான். அதற்கு வருமுன் கோடு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம்.

சரளைப் பூமி. அதில் எல்லைக்காக ஒரு பள்ளம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணை ஒரு பக்கமாகப் போட்டுக் கரை கட்டினார்கள்; கரைமேல் வேலி வைத்தார்கள். மகனும் பேரனும் தூர் வாரினார்கள். பிறகு ஏதோ ஒரு தலைமுறை வாரவில்லை. கரையின் மண்ணும் காற்றடித்த புழுதியும் இலைச்சருகும் விழுந்து பள்ளம் மெல்ல மேவியது. பின்னால் வந்தவர்களின் ஏர் மிச்சமிருந்த கரையைத் தேய்த்துத் தட்டையாக்கியது. இன்று அந்த வயலில் நடந்தால் காலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. ஆனால் ஒரு முழ மேல்மண்ணுக்குக் கீழே இரண்டு விதமான நிலம் இருக்கிறது: தண்ணீர் நிற்காமல் வடிந்துபோகும் சரளை ஒன்று, அதற்குள் நாடாபோல் ஓடும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கரிய வண்டல் இன்னொன்று.

மழை ஒழுங்காகப் பெய்யும் வருஷத்தில் இந்த வித்தியாசம் பயிருக்குத் தெரியாது. மேல்மண்ணின் ஈரமே போதும். மே, ஜூன் மாதங்களில் மழை தவறினால்தான் வேர் கீழே தேடிக்கொண்டு போகிறது. சரளைமேல் நிற்கும் பார்லிக்குக் கீழே ஒன்றுமில்லை, பொழுதோடு பழுத்துவிடுகிறது. பள்ளத்தின் மேல் நிற்கும் பார்லிக்கு அந்தப் பழைய வண்டல் இன்னும் ஒரு வாரம் தண்ணீர் தருகிறது. அதனால் சில விரற்கடை உயரமாகவும் கொஞ்ச நாள் கூடுதலாகப் பச்சையாகவும் நிற்கிறது. அடியில் பள்ளத்துக்குப் பதில் சுவரோ கல் பாவிய தெருவோ இருந்தால் எல்லாம் தலைகீழ். பயிர் குட்டையாகி முதலில் காய்ந்துவிடும். பயிர்த்தடம் என்பது இவ்வளவுதான். எளிமையான விஷயம்தான். ஆனால் அந்தச் சில விரற்கடையும் அந்த ஒரு வாரமும் சேர்ந்து ஒரு முழு ஊரின் புலப்படத்தையே வரைந்து காட்டிவிடுகின்றன.

எல்லாப் பயிரும் இதைச் செய்துவிடாது. பார்லிதான் கெட்டிக்காரி, அடுத்தது கோதுமை. உருளைக்கிழங்கும் சர்க்கரை பீட்டும் மழுங்கலாகவே காட்டும். வேர் ஒரு காரணம், நெருக்கம் இன்னொரு காரணம். பார்லி நூல் பிடித்ததுபோல் அடர்ந்து நிற்கும். ஒவ்வொரு பயிரும் தன் காலடியில் இருப்பதை மட்டுமே சொல்கிறது. சொல்பவர்கள் நெருங்கி நிற்க நிற்கச் சித்திரம் நுணுக்கமாகிறது. இழை நெருங்கிய துணியில்தான் சின்னப் பூவேலை எடுபடும். சாக்குத் துணியில் எடுபடாது. புல்வெளி ஊமை, கடும் வறட்சியில்தான் வாய் திறக்கும். களிமண் பூமியும் அப்படித்தான், தன் ஈரத்தைத் தானே வைத்துக்கொண்டு லேசில் எதையும் காட்டிக்கொடுக்காது. சரளை, சுண்ணாம்புப் பாறை, மணற்கல் இவற்றின் மேல் கிடக்கும் மெல்லிய மண்தான் நன்றாகப் பேசுகிறது.

சாயங்கால வெயில் ஏன் வேண்டும் என்பதிலும் ஒரு நயம் உண்டு. உச்சி வெயிலில் நிறம் மட்டும் தெரியும். சூரியன் சாயும்போது, உயரமாக நிற்கும் அந்தப் பட்டை பக்கத்துப் பயிரின் மேல் மெல்லிய நிழல் போடுகிறது. நிறம் மங்கிப்போன பிறகும் அந்த நிழல் கோட்டைக் காட்டும். இதற்கெல்லாம் கிடைப்பது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். நல்ல மழை ஒன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. குடியானவர் வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்கும் அதே நாளில், விமானத்தில் இருக்கும் தொல்லியலாளர் இன்னும் இரண்டு நாள் பெய்யாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறார். 1976, 2018 போன்ற வறண்ட கோடைகளைப் பற்றி அவர்கள் பேசும்போது குரலில் வரும் குதூகலம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

விமானம் வருமுன்பே இதைக் கண்டவர்கள் உண்டு. சுமார் நானூறு வருஷத்துக்கு முன் வில்லியம் கேம்டன் என்பவர், கென்ட் கடற்கரையில் ரிச்பரோ என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தைப் பற்றி எழுதினார். அங்கே பயிர் வளரும்போது, தெருக்கள் இருந்த இடத்தில் மட்டும் மெலிந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும் என்றார். ஊர் ஜனங்கள் அதை அகஸ்டின் புனிதரின் சிலுவை என்று சொன்னார்களாம். 1719-இல் வில்லியம் ஸ்டூக்லி, கிரேட் செஸ்டர்ஃபோர்டில் ஒரு கோயிலின் அடித்தளத்தையே பயிருக்குள் பார்த்தார். ஆனால் இவர்கள் இருவரும் தரையில் நின்றவர்கள். சிறிய உருவம் அகப்படும். விரிந்து கிடக்கும் வயல்வெளியின் அமைப்பு அகப்படாது.

அதற்கு ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு வரவேண்டியிருந்தது. முதல் உலகப்போரில் விமானத்தில் பறந்து வேவு பார்த்தவர். 1918-இல் பிடிபட்டுச் சிறையிருந்தவர். 1920-இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அதிகாரி. 1922-இல், ஹாம்ப்ஷயர் மேல் விமானப்படை எடுத்த படங்களில் விளங்காத சதுரக் கோடுகள் இருக்கின்றன என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது: பழங்காலத்துச் சிறுவயல்கள். ‘கெல்டிக் வயல்கள்’ என்று பெயர் வைத்தார். பெயர் பொருந்தவில்லை. வெண்கலக் காலம் தொடங்கி ரோமானியர் காலம்வரை உழப்பட்டவை அவை. கெல்ட் என்ற அடைமொழி அவ்வளவு நீளத்துக்கு எட்டாது. ஆனாலும் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்ன உவமை ஒன்று மட்டும் குறையே இல்லாதது. கம்பளத்தின் மேல் நடக்கும் பூனைக்குத் தெரிவது நிறத் திட்டுகள் மட்டும். எழுந்து நிற்கும் மனிதனுக்குத்தான் கம்பளத்தின் பூவேலை தெரியும். வயலில் நடக்கும் நாமெல்லாம் பூனைகள்.

கிராஃபோர்டை எனக்குப் பிடிப்பது அவர் படத்தோடு நிற்காததால். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து புறப்படும் பழைய நடைபாதை பாதி வழியில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1921-இல் எடுத்த விமானப் படங்களில் இரண்டு மெல்லிய கோடுகளைக் கண்டார். 1923-இல் மண்வெட்டியோடு அங்கே போய், கோடு இருப்பதாகப் படம் சொன்ன இடத்தில் வெட்டிப் பார்த்தார். இரண்டு பள்ளமும் அங்கேயே இருந்தன. வானத்தில் பார்த்ததைப் பூமியில் தொட்டுப் பார்ப்பது என்ற வழக்கம் அன்றே வந்துவிட்டது. மறுவருஷம், மார்மலேட் ஜாம் வியாபாரத்தில் செழித்த குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கைலர் பணம் போட, இருவரும் வெசெக்ஸ் முழுவதும் பறந்து படமெடுத்தார்கள். 1928-இல் அது புத்தகமாக வந்தது.

அடுத்த தலைமுறையில் மேஜர் ஜார்ஜ் ஆலன். கேமராவைத் தானே செய்து, விமானத்தைத் தானே ஓட்டி, தேம்ஸ் பள்ளத்தாக்கின் சரளை வயல்களை 1930-களில் படமெடுத்தவர். அவர் குடும்பத் தொழில் நீராவி ஏர். பழைய கரைகளைத் தேய்த்து அழித்த கலப்பைகளுக்கு வேண்டியவர் வீட்டிலேயே, அழிந்ததை வானத்திலிருந்து மீட்கும் ஆளும் பிறந்திருக்கிறார்! 1940-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். படங்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வயல் எல்லைகளுக்கென்றே ஒருவரைச் சொல்வதானால் டெரிக் ரைலியைத்தான் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் பறந்தபோதே பயிர்த்தடங்களைக் குறித்துக்கொண்டவர். 1970-களில் தெற்கு யார்க்‌ஷயர், வடக்கு நாட்டிங்ஹாம்ஷயர் மணற்கல் பூமியின் மேல் பறந்தார். அங்கே அவர் கண்டது சில வயல்களை அல்ல; மைல் கணக்கில் விரிந்த ஒரே அமைப்பை. ஐம்பது முதல் நூறு மீட்டர் இடைவெளியில் நீளநீளமாக இணைகோடுகள். அவற்றுக்கிடையே மாறிமாறி விழும் குறுக்குக் கோடுகள். செங்கல் சுவர் கட்டுகிறவர் ஒரு வரிசையின் இணைப்பு மேல் வரிசையின் இணைப்போடு நேராகிவிடாமல் பார்த்துக்கொள்வாரே, அப்படியே இருந்தது. ‘செங்கல்கட்டு வயல்கள்’ என்றே பெயராகிவிட்டது. இரும்புக் காலத்தின் கடைசியும் ரோமானியர் காலமும் சேர்ந்தவை. குறுக்குக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் தள்ளித் தள்ளி விழுவதில் ஒரு சேதி இருக்கிறது. நீளக் கோடுகளை முதலில் போட்டுவிட்டார்கள். குறுக்குத் தடுப்பை அவரவர் பட்டைக்குள் அவரவர் வசதிப்படி பிறகு போட்டுக்கொண்டார்கள். நீளக் கோடு ஊருடையது, குறுக்குக் கோடு வீட்டுடையது என்று நான் வாசித்துக்கொள்கிறேன். ரைலி இவ்வளவு துணிந்து சொல்லமாட்டார்.

கண்ணுக்குப் பட்ட கோடெல்லாம் வரப்பு ஆகிவிடாது. பனியூழியில் நிலம் உறைந்து வெடித்த வெடிப்புகளும் பின்னால் மண் நிரம்பி இதே பச்சைக் கோடுகளாக வரும். அவற்றை அடையாளம் காண ஒரு வழி உண்டு: வெடிப்பு ஐங்கோணம், அறுகோணமாக வலை பின்னும், எங்கேயும் போய்ச் சேராது. மனிதன் வெட்டிய பள்ளம் ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு இன்னோர் இடத்துக்குப் போகும். புல்லில் காளான் படரும் வட்டங்கள் பழைய ஈமக்குழியின் வட்டப்பள்ளம்போல் ஏமாற்றும். போன நூற்றாண்டில் பதித்த வடிகால் குழாயும் கோடு போடும், ஆனால் அதன் விறைப்பே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நூறு வருஷப் பழக்கத்தில் இவர்கள் கண்ணுக்கு ஒரு கை வந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தே எழுதியவரைச் சொல்லும் தபால்காரர் கண் மாதிரி.

சாய்வாக எடுத்த படத்தை வரைபடத்தில் ஏற்றும்போது இன்னொரு வேடிக்கை. கோணலை நிமிர்த்த, படத்திலும் வரைபடத்திலும் உள்ள பொதுப் புள்ளிகள் வேண்டும். எதைப் பிடிப்பது? இன்றைய வேலிகளின் மூலைகளைத்தான். பழைய எல்லை எங்கே ஓடுகிறது என்று சொல்வதற்கு, அதை அழித்து வந்த புதிய எல்லைதான் சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது.

இனி அந்த இடைவெளி. அதை விளங்கிக்கொள்ள வானத்திலிருந்து இறங்கவேண்டும். இறங்குவதற்கு ஃபெங்கேட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பீட்டர்பரோ நகரத்தின் கிழக்கு விளிம்பு. நீன் ஆற்றங்கரையின் சரளைத் திட்டு ஒருபுறம். சமதளமாக விரியும் ஃபென் சதுப்பு மறுபுறம். நகரம் புதிதாக விரிவாக்கப்பட இருந்ததால், அங்கே உள்ள பயிர்த்தடங்களையெல்லாம் வரைந்து 1969-இல் அரசின் வரலாற்றுச் சின்னங்களுக்கான ஆணையம் வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1971 முதல் 1978 வரை தோண்டினார் ஃப்ரான்சிஸ் ப்ரையர். தோண்டினார் என்றால் மண்வெட்டி பிடித்த குழியை நினைக்கவேண்டாம். பல் இல்லாத வாளி மாட்டிய இயந்திரத்தால் மேல்மண்ணை வயல் வயலாக வழித்தெடுத்தார்கள். கீழே மஞ்சள் சரளை தெரியும்போது, பார்லி காட்டிய கோடு அதே இடத்தில் கரிய பட்டையாகக் கிடந்தது. ஒரு தாவில் தாண்டிவிடக்கூடிய பள்ளங்கள்தான். ஆனால் சதுப்பின் விளிம்புக்குச் செங்குத்தாக, வரிசை தப்பாமல், பரப்பு பரப்பாக ஓடின. வெண்கலக் காலம்: கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டு.

பள்ளத்தைக் குறுக்கே வெட்டி அந்த முகத்தைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்தால் அது படிக்கத் தயாராகிவிடும். அடியில் பரும்பரலாகக் கிடப்பது முதல் சில குளிர்காலங்களில் ஓரம் இடிந்து விழுந்தது. அதன் மேல் நைசான வண்டல், ஆண்டாண்டாகப் படிந்தது. மேலே கரியது, பின்னால் வந்த ஏர் இழுத்துவிட்டது. இது ஊகம் மட்டும் அல்ல. வில்ட்ஷயரில் ஓவர்டன் டவுன் என்ற இடத்தில் 1960-இல் ஒரு கரையையும் பள்ளத்தையும் புதிதாகவே வெட்டிப்போட்டு, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் ஆண்டு இடைவெளியில் வெட்டிப் பார்க்கத் திட்டம் போட்டார்கள். கடைசி வெட்டு 128-ஆம் வருஷம். பள்ளம் எப்படித் தூர்ந்துபோகிறது என்று பார்ப்பதற்கு மட்டும்! தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே தொடங்கியது.

கரை எந்தப் பக்கம் இருந்தது? கரை போய்விட்டது, ஒரு பிடி மண்கூட மிச்சமில்லை. ஆனால் குறுக்குவெட்டு முகத்தில் பரல் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தடித்திருந்தால், அந்தப் பக்கமிருந்துதான் அதிகமாகச் சரிந்திருக்கிறது. கரை அங்கேதான். இல்லாததை அதன் சரிவை வைத்தே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பள்ளம் கூடும் இடத்தில், ஒன்றின் வண்டலை இன்னொன்று அறுத்துக்கொண்டு போயிருந்தால் அறுத்தது பின்னால் வந்தது. படத்தில் மைத்திட்டாகத் தெரிந்ததல்லவா, அதற்குள் இந்த முன்பின் கணக்கு இருக்கிறது. அதைப் பார்லியால் சொல்லமுடியாது. பார்லிக்கு எல்லாக் காலமும் ஒன்றுதான்; மூவாயிரம் வருஷப் பள்ளத்தையும் முந்நூறு வருஷப் பள்ளத்தையும் ஒரே பச்சையில்தான் எழுதும்.

பிறகு வாசல்கள். ஃபெங்கேட் வயல்களில் பள்ளம் நின்று, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் மூலையிலேயே இருந்தன. ஏர் ஓட்டுகிறவர், வண்டி கொண்டுவருகிறவர் வழி விட்டால் பக்கத்தின் நடுவில் விடலாம். எங்கே வேண்டுமானாலும் விடலாம். மூலையில் விட என்ன அவசியம்? ப்ரையருக்கு இதன் விடை புத்தகத்திலிருந்து வரவில்லை. அவரே செம்மறி வளர்க்கத் தொடங்கியவர். செம்மறியை ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும்: திறந்தவெளியில் வாசலைக் காட்டினால் மந்தை அதைத் தாண்டி ஓடிவிடும். வேலியோரமாக ஒதுக்கிக்கொண்டு போனால் அது தானாகவே மூலையில் போய் முட்டும். வாசல் அங்கே இருந்தால் இரண்டு வேலியும் இரண்டு கையாக நின்று ஆட்டை உள்ளே தள்ளிவிடும். ஓர் ஆளும் ஒரு நாயும் போதும்.

அந்தக் கண்ணோடு பார்த்ததும் மற்றவையும் இடத்தில் வந்து உட்கார்ந்தன. தண்டவாளம்போல் சேர்ந்து ஓடிய இரட்டைக் கோடுகள் ஆடு மாடு ஓட்டும் வழி. கொங்குநாட்டில் இரண்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரி என்றால் நமக்கு உடனே புரியும். நியூவார்க் ரோடு என்ற பகுதியில் அந்த வழி வந்து சேரும் இடத்தில் சிறுசிறு அடைப்புகள் நெருக்கமாகக் கிடந்தன. முன்பு குடியிருப்போ என்று எண்ணத் தோன்றும் அமைப்பு. ப்ரையர் அதைப் பட்டி என்று வாசித்தார். ஒருவர் வீட்டுப் பட்டி அல்ல. பல ஊர் மந்தைகள் கூடி, பிரித்து, மாற்றிக்கொள்ளும் பொதுப் பட்டி. ஒற்றை வரிசையில் ஆட்டை ஓடவிட்டு, ஒரு படலை இப்படியும் அப்படியும் தள்ளி, கிடாய் இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம் என்று பிரிக்கும் குறுகிய சந்துகூட அங்கே இருந்தது என்கிறார். இன்றைய செம்மறிப் பண்ணைகளில் அதே சந்து இரும்புக் குழாயில் நிற்கிறது. 1996-இல் அவர் எழுதிய கட்டுரையில் இதை விரித்துச் சொன்னபோது, வயல் என்றாலே உழவு என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கும் தலை திரும்பியது. பள்ளங்கள் பயிருக்குப் போட்டவை அல்ல, பயிரைக் காக்கவும் அல்ல. ஆடு மாட்டை ஆளும் கருவி அவை. கோடை முழுதும் சதுப்பில் மேய்ச்சல். குளிர்காலத்தில் தண்ணீர் ஏறினால் மேட்டு வயல்களுக்கு. அந்த ஏற்ற இறக்கத்துக்குப் போட்ட வழிதான் இட்டேரி.

நாலு எட்டு இடைவெளிக்குள் இத்தனையும் இருந்தன. கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்கும்வரை சொத்துக் கணக்குதான் தெரியும்: இது உன்னுடையது, இது என்னுடையது. கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் விடியற்காலையில் படலைத் திறந்து நின்று ஆட்டை எண்ணிவிட்ட ஆளின் கால் தெரிகிறது.

ஆனால் இட்டேரி கிழக்கே போய் ஓர் இடத்தில் மறைந்தது. சதுப்பின் விளிம்பில் ஆற்று வண்டல் தடித்துக் கிடக்கிறது. அப்பால் கரிய முற்றாநிலக்கரி மண். வேர் எட்டாத ஆழம். எந்தக் கோடையிலும் பார்லி அங்கே வாய் திறக்காது. படத்தில் கோடு அங்கே அறுந்துபோனால், வழி தண்ணீர்க் கரையோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

1982 நவம்பர். சதுப்பின் வடிகால் கால்வாய்களை இயந்திரம் வைத்துத் தூர் வாரியிருந்தார்கள். கரையில் வெட்டுப்பட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தார் ப்ரையர். கால் ஒரு மரத்துண்டில் இடறியது. ஓக் மரம், கோடரியால் பிளந்தது. சதுப்பு ஈரத்தில் ஓக் வளராது. யாரோ கொண்டுவந்ததாகத்தான் இருக்கவேண்டும். குனிந்து கால்வாய்க் கரையைப் பார்த்தார். ரோமானியர் போட்ட சாலையின் சரளை அங்கே ஓர் அடுக்காகத் தெரிந்தது. மரங்கள் அதற்கும் வெகு கீழே இருந்தன. அதுதான் ஃப்ளாக் ஃபென்: அறுபதாயிரம் அளவில் கம்பங்கள், ஐந்து வரிசை, சதுப்பைத் தாண்டி எதிர்க்கரை நார்த்திவரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சுமார் நானூறு வருஷம் வெட்டியும் நட்டும் பழுதுபார்த்தும் வைத்திருந்தார்கள்.

வரிசையின் மேற்குக் கோடி எங்கே கரையேறுகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள். ஃபெங்கேட் இட்டேரி தண்ணீரில் இறங்கிக் காணாமல் போயிருந்த அதே இடத்தில்தான் அது ஏறியது.